கிளச்சுக்குத் தோல் போட்ட பலராமன்

உறுவையாற்றுப் பலராமனுக்குக் கார் ஓட்டத் தெரியும் என்பதைவிடக் காரைத் திட்டத் தெரியும் என்று சொல்வதுதான் பொருத்தம். நெல்லும் கரும்பும் பயிர் செய்கிற சம்சாரி அவர். புதுச்சேரியில் உத்தியோகம் பார்த்த ஒரு துரை 1934-ல் சீமைக்குக் கப்பலேறும்போது, தம் பழைய காரை யார் தலையிலாவது கட்டிவிட்டுப் போகப் பார்த்தார். பலராமன் தாமே போய்த் தலையைக் கொடுத்தார். பெருமைக்கு வாங்கினார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பேசுகிறவர்களுக்கு என்ன தெரியும்? அவர் வாங்கியது தங்கைக்காக.

தங்கை தனக்கொடியைத் திருக்கனூரில் வெல்ல மண்டி வைத்திருந்த வீட்டில் கொடுத்திருந்தது. முதல் பிரசவத்துக்கு அவளைத் தாய் வீட்டுக்கு அழைத்து வந்தபோது, மாட்டு வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கித் தூக்கிப் போட்டது. வீடு வந்து சேர்வதற்குள் வலி கண்டுவிட்டது, குழந்தை தங்கவில்லை. அன்றைக்கு வண்டி ஓட்டியவர் பலராமன்தான். யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது மனம் ஆறியிருக்கும்.

இப்போது தனக்கொடி மறுபடியும் முழுகாமல் இருந்தாள். வளைகாப்பு முடிந்து, அழைத்துப் போக நல்ல நாளும் பார்த்தாகிவிட்டது. மாமியார் விருத்தாம்பாள் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"தம்பி, காரு எடுத்துக்கினு வா, அனுப்புறேன். மாட்டு வண்டியக் கொண்டாந்து வாசல்ல நிறுத்தின, அப்படியே திருப்பிக்கினு போயிடு. என் மருமவ இங்கியே பெத்துக்கட்டும்."

இதில் அவள்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பாருங்கள், கார் என்ற அந்த எமன் அந்த வாரமா படுத்துக்கொள்ள வேண்டும்! எஞ்சின் உறுமும், சக்கரம் அசையாது. எஞ்சினையும் சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கிற சாமானைத் துரை என்னவோ பிரெஞ்சில் சொல்வார். மெட்ராஸ் போய் வந்தவர்கள் கிளச்சு என்றார்கள். கூம்பு மாதிரி ஓர் இரும்பு, அதைச் சுற்றித் தோல். அந்தத் தோல்தான் எஞ்சினைக் கவ்விக்கொள்ள வேண்டும். தேய்ந்து போனால் கவ்வாது. புதுச்சேரிப் பட்டறையில் கேட்டதற்கு, சாமான் கப்பலில் வந்தால் உண்டு என்று கையை விரித்துவிட்டார்கள். கப்பல் வருகிறவரைக்கும் பிள்ளை காத்திருக்குமா?

"நானே மாத்துறேன்" என்றார் பலராமன்.

"உங்களுக்குத் தெரியுமாங்க?" என்றாள் மனைவி தையலம்மாள்.

"கழட்டினா தெரிஞ்சிட்டுப் போவுது!"

கொட்டகையிலிருந்த மாட்டை வெளியே கட்டிவிட்டுக் காரை உள்ளே தள்ளினார்கள். பனந்துண்டுகளை அடுக்கி அதைத் தூக்கி நிறுத்தி, காலடிப் பலகையைப் பெயர்த்து, அடியில் புகுந்தார். கிளச்சைத் தொட வேண்டுமானால் அதற்குப் பின்னால் இருக்கிற கியர்ப் பெட்டியைக் கழற்ற வேண்டும். அதைக் கழற்ற வேண்டுமானால் அதற்கும் பின்னால் சக்கரத்துக்குப் போகிற தண்டைக் கழற்ற வேண்டும். ஒவ்வொரு திருகாணியும் உயிரை வாங்கியது. ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது. ஒன்று அசையவே இல்லை. சாணி ஈரத்தில் மல்லாந்து கிடந்து, கண்ணில் கரி விழ, துரையையும் துரை வம்சத்தையும் தமிழில் வாழ்த்தினார். கியர்ப் பெட்டியைக் கொட்டகை விட்டத்திலிருந்து வடக்கயிற்றில் தொங்கவிட்டு, கயிற்றைத் தையலம்மாளிடம் கொடுத்தார்.

"மெதுவா வுடு... மெதுவான்னா காதுல வுழல? ஏண்டி, என் மாரு மேல எறக்கப் பாக்கறியா?"

"ஒண்ணு கத்துங்க, இல்ல வேலையப் பாருங்க. ரெண்டும் சேத்து செஞ்சா எனக்குக் கை நழுவும்."

பழைய தோல் கருகிப்போன அப்பளமாகக் கையோடு வந்தது. புதுத் தோலுக்குப் பஞ்சமில்லை. மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கிற கவலைச் சாலின் தோல் வாலுக்கென்று சந்தையில் வாங்கியது வீட்டில் இருந்தது. பழையதை மாதிரியாக வைத்து வெட்டினார். முதல் துண்டு விரற்கடை குறைந்துவிட்டது. சபித்துக்கொண்டே இரண்டாவது வெட்டினார். செப்பு ஆணி அடித்து, ஆணித் தலை தோலுக்குமேல் துருத்தாமல் உள்ளே இறக்கினார். வேலை சுத்தமாக இருந்தது. அவருக்கே தம்மேல் மரியாதை வந்துவிட்டது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பிறந்ததிலிருந்து கவலைத் தோலோடு பழகிய கை அது. தோலுக்கு எண்ணெய் காட்டாவிட்டால் வெடித்துப் போகும் என்பது அவர் ரத்தத்தில் ஊறியிருந்தது. துரையின் டிரைவர்கூடக் கிளச்சுத் தோலுக்கு ஒரு கரண்டி விளக்கெண்ணெய் விட்டதை அவர் பார்த்திருக்கிறார். ஒரு கரண்டி என்ன, கஞ்சத்தனம்! கூம்பைத் தோலோடு விளக்கெண்ணெய்ச் சட்டியில் முக்கிவைத்தார். தோல் குடிக்கிற மட்டும் குடித்தது. மறுநாள் எல்லாவற்றையும் பூட்டி, கைப்பிடியைச் சுற்றி எஞ்சினைக் கிளப்பி, கியர் போட்டுக் கிளச்சு மிதியிலிருந்து காலை எடுத்தார்.

எஞ்சின் ஊரைக் கூட்டியது. கார் இருந்த இடத்தில் இருந்தது.

"பிடிக்கிற சாமானுக்கு எண்ணெ போட்டா எப்படிங்க பிடிக்கும்?" என்றாள் தையலம்மாள். "மரம் ஏறுறவன் கையில எண்ணெ தடவிக்கினா ஏறுவான்?"

"அத்த நேத்தே சொல்றதுக்கு இன்னாடி?"

"நீங்க சட்டிய எடுத்தப்போ கேட்டனே, இன்னாத்துக்குன்னு. உனக்கு இன்னா தெரியும்னீங்க."

பலராமன் தலையில் அடித்துக்கொண்டார். மறுபடி பனந்துண்டு, மறுபடி தண்டு, மறுபடி கியர்ப் பெட்டி. எண்ணெயை எடுக்க அந்த வீட்டில் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான். தையலம்மாள் கூம்பை மடியில் வைத்துக்கொண்டு சீயக்காய் போட்டுத் தேய்த்தாள். பலராமன் சாம்பலைத் தூவித் தூவித் துடைத்தார். பிறகு வெயிலில் வைத்தார்கள். தோல் விறைத்து, நகத்தால் தட்டினால் டொக்கென்றது. நல்ல நாளுக்கு முந்தின பொழுதில் பூட்டி முடித்தார். இப்போது பிடித்தது. பிடித்த பிடியில் கார் துள்ளிக் குதித்துக் கொட்டகைக் காலை இடித்தது.

"பிடிக்குது" என்றார். வேறு எதைச் சொல்வது?

ஓட ஆரம்பித்துவிட்டால் குற்றமில்லை. புறப்படும்போதுதான் வில்லங்கம். அதனால் வழியில் எங்கும், பிரெஞ்சு எல்லைச் சாவடியில்கூட நிறுத்தாமல், ஆடு மாடு மனிதர் எல்லோரையும் அலற வைத்துத் திருக்கனூர் போய்ச் சேர்ந்தார். விருத்தாம்பாள் ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றாள். தனக்கொடி மடி நிறையப் பூவும் பழமுமாகப் பின்பக்கம் ஏறி உட்கார்ந்தாள். பலராமன் மூச்சைப் பிடித்துக்கொண்டு, முட்டை மேல் கால் வைப்பதுபோல மெதுவாகக் காலை எடுத்தார். கார் ஒரு குதி குதித்தது. தனக்கொடி "அம்மா!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"நிறுத்துடா!" என்று விருத்தாம்பாள் தட்டைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

பலராமன் பிரேக்கை அமுக்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தார். தங்கை ஒன்றுமில்லை என்று தலையசைத்த பிறகுதான் உயிர் வந்தது. இனிக் குதிக்கக் கூடாது என்று மறுபடியும் காலைப் பாதி எடுத்து, பாதி வைத்து, எஞ்சினை ஓடவிட்டார். தோல் தீயும் நாற்றம் குப்பென்று கிளம்பியது. வெல்லம் வாங்க வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எஞ்சின் கத்திக்கொண்டே இருந்தது, கார் அசையவில்லை. தோல் வெந்து தீர்ந்துவிட்டது.

அவர் இறங்கிக் கார்ப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். உள்ளங்கையெல்லாம் கொப்புளம், நகமெல்லாம் கரி. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. "என்னால ஆவல அத்தே" என்றார். "உங்க வூட்லியே பெத்துக்கட்டும்."

விருத்தாம்பாள் குனிந்து சக்கரத்தைப் பார்த்தாள். டயரை விரலால் அமுக்கினாள். தனக்கொடி உட்கார்ந்திருந்த மெத்தையைத் தட்டிப் பார்த்தாள். பிறகு மண்டி ஆளைக் கூப்பிட்டாள்.

"ஏம்பா, நம்ம மயிலைக் காளை ரெண்டத்தயும் ஓட்டிக்கினு வா. இதுக்கு முன்னால பூட்டு."

"காருக்கா?" என்றார் பலராமன்.

"கார்ல அனுப்புறேன்னு சொன்னேன். அனுப்புறேன். எது இழுத்தா எனக்கின்னா?"

முன் அச்சில் வடம் கட்டினார்கள். மண்டி ஆள் காளைகளோடு முன்னால் நடந்தான். வளைவில் திருப்பவும், இறக்கத்தில் கார் மாட்டின் மேல் மோதாமல் பிரேக் போடவும் ஒருவர் வேண்டுமே. பலராமன் மாட்டு வாலைப் பார்த்தபடி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கடைத்தெருவில் ஒருவன், "மாட்டுக்குப் பெட்ரோல் ஊத்தினீங்களா?" என்றான். எல்லைச் சாவடிச் சேவகன், இதைக் காராகப் பார்ப்பதா வண்டியாகப் பார்ப்பதா என்று தெரியாமல் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் போகச் சொன்னான். பலராமனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இத்தனை பாடும் இதற்குத்தானா? கிளச்சே இல்லாவிட்டாலும் இந்தக் கார் இப்படி வந்திருக்குமே!

உறுவையாறு போய்ச் சேர்கையில் வெயில் சாய்ந்திருந்தது. தனக்கொடி வழியெல்லாம் தூங்கியிருக்கிறாள். தையலம்மாள் கையைப் பிடித்து அவளை இறக்கினாள். பலராமன் யார் முகத்தையும் பாராமல் வடத்தை அவிழ்க்கக் குனிந்தார். "கப்பல்ல சாமான் வரட்டும். நீ பிள்ளையத் தூக்கிக்கினு போவும்போது, ஒழுங்காக் கிளச்சு மாத்தி, ராணி மாதிரி இட்டுக்கினு போறேன்" என்றார்.

தனக்கொடி வயிற்றின் மேல் கை வைத்தபடி அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"வாணாம் அண்ணே" என்றாள். "அப்பவும் மாடே இழுக்கட்டும். நீ பிரேக்க மட்டும் பிடிச்சிக்கோ."

அவருக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. சரி என்றார்.