பலாக்கொட்டை போல ஒன்று

எழுபதுகளின் நடுவில், மெல்பேர்னின் மேற்குப் புறநகர் ஒன்றில், பலாக்கொட்டைக் கறிக்காக ஏங்கிய வீடு எங்களுடையது ஒன்றாகத்தான் இருந்திருக்கும். இலங்கையை விட்டு வந்து இரண்டு வருடம். மிளகாய்த்தூளுக்கே நகரின் மறுகோடிக்கு ரயில் ஏறவேண்டியிருந்த காலம். அம்மா ஊரை நினைத்து அழுததாக எனக்கு நினைவில்லை; பலாக்கொட்டையை நினைத்துப் பெருமூச்சு விட்டதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

பக்கத்து வீட்டில் ஓர் அன்ரி தனியாக இருந்தார். பெரிய போருக்குப் பின் அகதியாகக் கப்பலில் வந்தவர். அப்பா முதல் நாளே அவரை ரஷ்யர் என்று எண்ணி ஏதோ கேட்க, "நோ ரஷ்யா. உக்ரைன். கீவ்" என்று விரலை ஆட்டித் திருத்தினார். அப்பா அட்லஸைப் புரட்டி, அப்படி ஒரு தனி நாடு இல்லையென்று தீர்ப்புச் சொன்னார். தன்னை இந்தியர் என்றவர்களிடமெல்லாம் "நோ, சிலோன்" என்று அதே விரலை ஆட்டிக்கொண்டிருந்தவர்தான் அப்பாவும்.

அன்ரி வெள்ளரிக்காய் ஊறுகாயைப் போத்தலில் தருவார். வாங்கிய போத்தலை வெறுமையாகத் திருப்பக்கூடாது என்று அம்மா அதில் முறுக்கு நிரப்பி அனுப்புவார். இருவருக்கும் பொதுமொழி அந்தப் போத்தல்தான்.

அன்ரியின் பின்வளவில் ஒரு பெரிய மரம். விரித்த கைபோல இலை. கோடை வெயிலுக்கு அது கருகும்; அன்ரி குளித்த தண்ணீரைக்கூட வாளியில் சுமந்து அதற்கு ஊற்றுவார். ஏப்ரலில் முள்ளுக்காய்கள் விழுந்து வெடிக்க, உள்ளே பளபளவென்று பழுப்புக் கொட்டைகள் தெரியும். வேலியில் ஒரு பலகை கழன்றிருந்தது. அதற்குள்ளால் போகக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். பத்து வயதில் சட்டத்தைவிடக் கொட்டை பெரிது. பாவாடை நிறையப் பொறுக்கி வந்தேன்.

"எங்கையடி எடுத்தனீ?"

"அன்ரி தந்தவ."

அம்மா ஒன்றை உருட்டிப் பார்த்தார். "பலாக்கொட்டை மாதிரியெல்லோ கிடக்கு!" அந்த முகத்தைப் பார்த்தபின் யாருக்கும் உண்மை சொல்ல மனம் வராது.

கறி கொதித்தது. நான்கு வயதுத் தம்பிக்கு முதலில் ருசி பார்க்கக் கொடுத்தார். "கசக்குது" என்றான். தேங்காய்ப்பால் காணாது என்று முடிவுசெய்து, இன்னும் இரண்டை ஊட்டினார் அம்மா. பிறகு அன்ரியின் போத்தலில் கறியை நிரப்பினார். "தந்த மனுசிக்குக் குடுக்காமல் நாங்கள் சாப்பிடக்கூடாது. ஓடிப்போய்க் குடுத்திட்டு வா."

அன்ரி மூடியைத் திறந்து முகர்ந்து சிரித்தார். கரண்டியால் ஒன்றைத் தூக்கியதும் சிரிப்பு நின்றது. "நோ ஈட்! நோ ஈட்!" என்று கத்தியபடி, போத்தலும் கையுமாகச் செருப்பில்லாமல் எங்கள் குசினிக்குள் ஓடிவந்து, சட்டியைத் தொட்டிக்குள் கவிழ்த்தார். தம்பி வாந்தியெடுக்கத் தொடங்கியிருந்தான். அம்புலன்ஸை அழைத்ததும் அவனைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றதும் அன்ரிதான்.

இரண்டு நாளில் தம்பி தேறிவிட்டான். என் பொய் தேறவில்லை. கொட்டை எங்கிருந்து வந்தது என்று ஆஸ்பத்திரியில் கேட்டு எழுதிக்கொண்டார்கள். வாயால் சொன்ன பொய் ஓடிவிடும். படிவத்தில் ஏறிய பொய் கதிரை போட்டு உட்கார்ந்துவிடும். முப்பது வருடம் படிவங்களோடு வாழ்ந்து ஓய்வுபெற்றவள் சொல்கிறேன்.

"பிள்ளையள் இருக்கிற வீட்டுக்கு ஆரும் நஞ்சைக் குடுப்பினமே?" என்றார் அம்மா.

"ஓடிவந்து காப்பாத்தினதும் அவதானே?" என்றார் அப்பா.

"பயத்தில ஓடிவந்தவ."

அடுத்த வாரம் அந்தப் படிவத்தோடு நகரசபை அதிகாரி ஒருவர் வந்தார். அன்ரியின் வாசற்படியில் என்னையும் நிறுத்தி, இந்தப் பிள்ளைக்குக் கொட்டையைக் கொடுத்தது நீங்கள்தானா என்று அவரிடம் கேட்டார். அன்ரி அவருடைய பேனையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் என் சப்பாத்தைப் பார்த்தேன்.

"யெஸ். ஐ கிவ்."

எனக்கு மூச்சு வந்தது. பாவம், கேள்வி விளங்கவில்லை என்று நினைத்தேன்.

அதிகாரி எழுதி, ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். அன்ரி அதை வாசித்துச் சொல்லும்படி என்னிடம் நீட்டினார். மேலே சின்னம், நடுவில், மரத்தை அகற்றுவது நல்லது என்ற பரிந்துரை, அடியில், உடன்பாடில்லையெனில் பதினான்கு நாட்களுக்குள் நேரில் வந்து சொல்லலாம் என்ற வரி. பரிந்துரை கட்டளை அல்ல. அந்த மரத்தின் ஓர் இலையைத் தொடவும் அவர்களுக்கு அதிகாரம் இருக்கவில்லை. இது பின்னாளில் படித்தது. ஆனால் அடிவரி எனக்கு அன்றைக்கே விளங்கியது. அன்ரி நேரில் போய்ப் பேசினால் நான் அகப்படுவேன்.

மரத்தை வெட்டவேண்டுமாம் என்று ஆங்கிலத்தில் சொல்லித் தாளை மடித்துக் கொடுத்தேன்.

அன்ரி எதிர்க்கேள்வி கேட்கவில்லை. படியில் உட்கார்ந்து, கையிலிருந்த கொஞ்ச ஆங்கிலத்தில் சொன்னார். அவர்களுடைய நகரத்தின் தெருவெல்லாம் இந்த மரம்தானாம். நகரத்தின் அடையாளமே அதன் இலைதானாம். போர் வந்த முதல் இலையுதிர் காலத்தில், அவருக்கு என் வயது இருக்கையில், பெரிய தெரு நாட்கணக்காக எரிந்தது. தாயும் அவரும் ஆற்றிலிருந்து வாளியில் தண்ணீர் சுமந்தார்கள். சில வாரங்கள் கழித்து, இலை உதிரவேண்டிய நேரத்தில், நெருப்புப் பட்ட மரங்கள் வெள்ளையாகப் பூத்தன. பாணுக்கு வரிசையில் நின்ற சனம் இடம் போனாலும் பரவாயில்லை என்று பார்க்கப் போனதாம். ஊர் இன்னும் இருக்கிறது என்றாராம் தாய். இங்கே வந்த முதல் வருடம், ஒரு பூங்காவில் இந்தக் கொட்டையைக் கண்டு கொண்டுவந்து நட்டிருக்கிறார்.

நான் தலையாட்டினேன். தாளை அவர் வேறு யாரிடமும் காட்டிவிடக்கூடாதே என்பதுதான் என் கவலை.

சனிக்கிழமை இரண்டு பேர் வந்து மரத்தை வெட்டினார்கள். அன்ரி அவர்களுக்குத் தேநீர் கொடுத்தார். அம்மா அவருடைய போத்தலைக் கழுவி, எதுவும் நிரப்பாமல் என்னிடம் கொடுத்தனுப்பினார். அன்ரி அதற்குள் ஒருமுறை பார்த்துவிட்டு, "தாங்க் யூ" என்றார்.

எண்பதுகளின் கடைசியில் நான் ஒரு நகரசபையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக வந்த ஒரு தாய், மகன் பந்தடித்து உடைத்த பூங்கா விளக்குக்காக என் மேசைக்கு முன்னால் நின்றார். பேனையை எடுத்தேன். "தங்கச்சி, பிள்ளையின்ர பேரை எழுதாதேங்கோ. என்ர பேரைப் போடுங்கோ. நான்தான் உடைச்சனான் எண்டு எழுதுங்கோ" என்றார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, பேனையைத்தான் பார்த்தார்.

அந்த வாசற்படியில் அன்ரிக்குக் கேள்வி நன்றாக விளங்கியிருக்கிறது. அன்று மாலையே காரை எடுத்துக்கொண்டு பழைய தெருவுக்குப் போனேன். வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். அன்ரி எங்கே போனார் என்று அவர்களுக்குத் தெரியவில்லை.