காயாத பசை

நாமக்கல்லில் நான் குடியிருந்த வீட்டின் கீழ்ப்பகுதியில் ஒரு லாரி டிரைவரின் மனைவி இருந்தார். விரல் நுனியில் காய்ந்த பசையை உரித்துக்கொண்டேதான் பேசுவார். வடக்கே லோடு ஏற்றிப் போகும் கணவருக்காகப் பழைய சேலைகளை அடுக்கி, விலகாமலிருக்க, துவைத்தால் போய்விடும் பசையால் ஒட்டுவார். அது காய்ந்த பிறகு போர்வையாகத் தைப்பார்.

ஒரு மழைநாளில் பசை காயவேயில்லை. போர்வைக்காகக் கணவர் பயணத்தை மறுநாளைக்குத் தள்ளிவைத்தார்.

"தேச்சா உடனே காஞ்சிருமே, எங்க இஸ்திரிப் பெட்டியத் தரட்டுங்களா?" என்றேன்.

அந்த அம்மா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எங்கூட்லயும் பொட்டி இருக்குதுங்க. அவருகிட்டச் சொல்லிப்போடாதீங்க."

இப்போது வேறு ஊரில் இருக்கிறேன். மழையில் துணி காயவில்லை என்று யாராவது அலுத்துக்கொண்டால், அந்த அம்மாவின் முகம்தான் நினைவுக்கு வருகிறது.