என் தலையில் அடித்த சத்தியம்

என் மாமா குடியை விட்டது என் தலையில் கை வைத்துத்தான். அப்போது எனக்கு ஏழு வயது. மாமா என் அம்மாவுக்கு ஒரே தம்பி. எங்களோடுதான் இருந்தார். திருப்பரங்குன்றம் ஸ்டேஷன் வாசலில் ஜட்கா வண்டி ஓட்டினார். அவருக்கு நிதானம் தப்பினாலும் குதிரைக்குத் தப்பாது என்பதால் எப்படியும் பொழுதுக்குள் வீடு வந்து சேர்ந்துவிடுவார். ஒருநாள் வண்டி மட்டும் வந்து நின்றது. மாமாவைக் கண்மாய்க் கரையிலிருந்து நாலு பேர் தூக்கி வந்தார்கள். மறுநாள் காலையில் அம்மா என்னை இழுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நிறுத்தினாள்.

“பிள்ளை தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு தம்பி. இனிமே தொடமாட்டேன்னு சொல்லு.”

அந்தச் சத்தியத்தை மீறினால், யார் தலையில் அடித்தார்களோ அவர் உயிருக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மாமா என் உச்சியில் கையை வைத்துச் சொல்லிவிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கள் தெருவில் வேறெந்தப் பிள்ளையின் தலைக்கும் அப்படியொரு மதிப்பு இருந்ததில்லை.

மறுநாளே மாமாவுக்குக் கை நடுங்கியது. லகானைப் பிடிக்க முடியாமல் குதிரையை அவிழ்த்துக் கட்டிவிட்டார். அதற்கடுத்த நாள் சோறு இறங்கவில்லை, வேட்டியெல்லாம் வேர்வை. மூன்றாம் நாள் காலையில் பாயில் உட்கார்ந்து தொடையைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

“பாப்பா, இந்த எறும்பக் கொஞ்சம் தட்டிவிடு. எம்புட்டு எறும்பு பாரு.”

ஒரு எறும்பும் இல்லை. விளையாட்டாக்கும் என்று நானும் தட்டிவிட்டு, “போயிருச்சு மாமா” என்றேன். அவர் நன்றியோடு பார்த்த பார்வையில் எனக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. முனி அடித்துவிட்டது என்று அம்மா வேப்பிலை தேடினாள். குடித்துச் செத்தவர்களை அவள் பார்த்திருக்கிறாள். குடியை நிறுத்தியும் சாகலாம் என்று எங்கள் வீட்டில் யாருக்குத் தெரியும்?

நல்லவேளை, அப்பா மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரைக் கூட்டி வந்தார். அவர் நாடியைப் பார்த்தார். எத்தனை வருஷமாகக் குடி, எப்போது நிறுத்தியது என்று விசாரித்தார்.

“பத்து வருசக் குடிய ஒரே நாள்ல நிறுத்தினா உடம்பு தாங்காதும்மா. வலிப்பு வந்துட்டா உசுருக்கே ஆபத்து. மருந்தோட கொஞ்சம் பிராந்தியும் தாரேன். தினம் குறைச்சுக்கிட்டே வந்து நிறுத்திரலாம்.”

அந்த நடுக்கத்திலும் மாமா அதைக் கேட்டுவிட்டார்.

“பிள்ளை தலையில அடிச்சிருக்கேன். நான் போனாப் போறேன், அது நல்லா இருக்கட்டும்.”

டாக்டர் எதை நீட்டியும் வாயைத் திறக்கவில்லை. இப்போது நினைத்தாலும் அந்த மனுஷன்மேல் எனக்குப் பிரியம் பொங்குகிறது. அப்போதோ, விளக்கெண்ணெய்க்கு நான் பயப்படுவதுபோல் அவர் மருந்துக்குப் பயப்படுகிறார் என்றே நினைத்தேன். “மூக்கப் பிடிச்சுக்கிட்டுக் குடிங்க மாமா” என்று என் அனுபவத்தைச் சொல்லிக் கொடுத்தேன்.

அம்மா அடுப்படிக்குப் போனாள். சுக்கும் ஓமமும் தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்து இறக்கி, டாக்டர் கொடுத்ததை அதில் ஊற்றிக் கலக்கினாள். மாமா டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு கேட்டார்:

“அக்கா, இதுல அது இல்லையே?”

“இல்ல தம்பி. வெறும் கஷாயம்தான். குடி.”

குடித்தார். டாக்டர் தினமும் வந்து பார்த்தார். அந்த வாரத்துக்குள் எறும்புகள் போய்விட்டன. பத்தாம் நாள் டம்ளரில் இருந்தது நிஜமாகவே வெறும் கஷாயம். அதன் பிறகு மாமா சாகும்வரை குடிக்கவில்லை. “ஒத்தச் சத்தியத்துல விட்டவன் அண்ணே நானு” என்று ஸ்டேஷனில் எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார். அம்மா மறுத்ததே இல்லை.

அந்தப் பத்து நாளும் அம்மா என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை, கிணற்றுப் பக்கம் விடவில்லை. மாமாவுக்கு டம்ளரைக் கொடுத்த கையோடு வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். என்னை மடியில் இழுத்துப் போட்டுத் தலைமுடியைக் கோதிக் கோதி, உச்சியிலேயே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பேன் பார்க்கிறாளாக்கும் என்று எண்ணி நான் ஒவ்வொரு முறையும் திமிறிக்கொண்டு ஓடினேன்.