துண்டு ஆட்டக்காரனா?

எறிந்த துண்டு மேலே பட்டால் சடுகுடுவில் ஒருவன் அவுட்டா? “துண்டா? கையாலல்லவா பிடிக்கவேண்டும்!” என்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் உத்தனப்பள்ளியில் நடுவராக நின்றதில்லை. முனிவேல் நின்றிருக்கிறார்.

ஓசூர் – ராயக்கோட்டை பஸ்ஸில் அப்போது அவர் கண்டக்டர். “உள்ளே தள்ளிப் போ” என்று தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் அதட்டத் தெரிந்தவர். சொந்த விசில் வைத்திருந்ததால் அந்த வட்டாரத்துச் சடுகுடுவுக்கெல்லாம் அவரே நடுவர். ஆட்ட விதிப் புத்தகம் ஒன்றும் டிக்கெட் பையிலேயே கிடக்கும்.

1956 மாட்டுப் பொங்கலுக்கு வட்டார வளர்ச்சி அதிகாரி ஒரு கோப்பை வைத்தார். எந்தத் தெருவாரும் ஆடலாம் என்றார். கடைசி ஆட்டத்துக்கு வந்து நின்றவை இரண்டு குழுக்கள். முனிவேலின் பஸ் முதலாளி நாராயணப்பனின் மகன் சென்னப்பன் தலைமையில் பெரிய தெரு. கரியப்பன் தலைமையில் சேரி.

சேரிக்காரன் வந்து தொட்டால் குளித்துவிடலாமாம்; தாமே அவனைக் கையால் பிடித்தால் தீட்டாம். பிடிக்காவிட்டாலோ கோப்பை போய்விடும். என்ன செய்வது? சாதி என்றால் நம்மவர் மூளை எப்படியெல்லாம் வேலை செய்கிறது, பாருங்கள்! பெரிய தெருவார் ஆளுக்கொரு துண்டோடு மைதானத்தில் இறங்கினார்கள்.

“துண்டு தோள்மேல பட்டா அவன் அவுட்டு, முனிவேலு,” என்றான் சென்னப்பன்.

“கால்ல பட்டா, சின்ன முதலாளி?”

“பாதி அவுட்டு.”

“காத்துல பறந்து போயி பட்டா?”

“மறுபடியும் எறியணும்.”

“தப்பிப் போயி உங்காளு மேலயே பட்டா?”

சென்னப்பன் தலையைச் சொறிந்தான். “அதுக்கு இன்னும் விதி போடல.”

“எங்களுக்கும் துண்டு குடுப்பாங்களாண்ணா?” என்று கேட்டான் கரியப்பன். சிரிப்பு எழுந்தது. சேரிக்காரன் தோளில் துண்டோடு பெரிய தெருவில் கால் வைக்கக்கூடாது என்பது அந்த ஊர்ச் சட்டம்.

நாராயணப்பன் முனிவேலைத் தனியே அழைத்தார். “நாளைக்குக் காலையில பஸ்ஸு ஏறணுமில்ல? பாத்து ஊது.”

முற்பாதியில் முனிவேல் துண்டுக்கும் விசில் ஊதினார். இதை நான் மறைக்கப் போவதில்லை. சேரிக்காரர் மூவர் கைபடாமலே வெளியேறினார்கள். பாதி அவுட்டானவன் உள்ளே ஆடுவதா, வெளியே உட்காருவதா என்று எவருக்கும் தெரியவில்லை. அவன் ஒரு காலைக் கோட்டுக்கு உள்ளும் ஒரு காலை வெளியிலும் வைத்து நின்றுகொண்டான்.

எப்படியோ இருபக்கமும் சமப்புள்ளிக்கு வந்தன. கடைசிப் பாட்டுக்குக் கரியப்பன் போனான். “சடுகுடு சடுகுடு” என்று மூச்சு விடாமல் பாடிக்கொண்டே இருவரைத் தொட்டுத் திரும்பினான். சென்னப்பன் வீசிய துண்டு அவன் இரண்டு தோளையும் சுற்றி அழகாக விழுந்தது. துண்டோடே கோட்டைத் தாண்டினான் கரியப்பன்.

“தோள்ல துண்டு போடக்கூடாதுன்னாங்க! இன்னைக்கு அவங்களே போத்தி அனுப்பறாங்கண்ணா!”

கூட்டம் வயிறு வலிக்கச் சிரித்தது. “அவுட்டு! அவுட்டு!” என்று பெரிய தெரு கத்தியது. முனிவேல் முதலாளியைப் பார்த்தார். பிறகு புத்தகத்தைத் திறந்தார்.

“பக்கத்துக்கு ஏழு ஆளுன்னு போட்டிருக்குது. துண்டும் ஒரு ஆளுன்னு எங்கியும் போடல. முன்னாடி ஊதினது என் தப்பு. சேரிக்கு ரெண்டு புள்ளி!”

நீளமாக ஊதினார்.

“பையக் கழட்டி வெச்சுட்டுப் போடா,” என்றார் நாராயணப்பன்.

“பை உங்களுது முதலாளி. எடுத்துக்குங்க. விசிலு என்னுது.”

இப்போது முனிவேல் கெலமங்கலம் சந்தையில் ராகி மூட்டை எடை போடுகிறார். கோப்பை கரியப்பன் வீட்டுப் பரணில், அந்தத் துண்டில் சுற்றியபடி பத்திரமாக இருக்கிறது. தீட்டுப்பட்ட துண்டைத் திரும்பக் கேட்க எவரும் வரவில்லை! ஆனால் அதன்பின் எந்த ஊராரும் முனிவேலை நடுவராக அழைக்கவுமில்லை. விசில் அவர் இடுப்பு மடிப்பில் சும்மா கிடக்கிறது.

வாசகரே, வரும் பொங்கலுக்கு உங்கள் ஊரிலும் சடுகுடு உண்டல்லவா? கெலமங்கலம் சந்தைக்கு ஓர் ஆளை அனுப்பி அவரை அழைத்துவாருங்கள். துண்டுகளை வீட்டிலேயே வைத்துவிட்டு மைதானத்துக்குப் போங்கள். எதிரே பாடி வருபவன் எந்தத் தெருக்காரனானாலும் சரி, கையால் பிடியுங்கள்.