ஒரு குடம் தண்ணீர்

காசியம்மாள் பிடித்த பிடியை விடமாட்டாள். நல்லூரிலிருந்து வாக்கப்பட்டு விருத்தாசலம் வந்த மறுவாரமே பீங்கான் கம்பெனியில் மண் சுமக்கச் சேர்ந்தவள். வாய் கொஞ்சம் நீளம்தான், ஆனால் கெட்டிக்காரி. ஜாடியைத் தட்டிப் பார்த்தே விரிசல் இருக்கிறதா என்று சொல்லிவிடுவாள். சூடு ஆறாத ஜாடிமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் வெடிக்கும் என்பது அங்கே அவள் கற்ற முதல் பாடம். பாவி, அந்தப் பாடம்தான் அவள் குடியைக் கெடுத்தது.

அறுபத்தெட்டாம் வருஷம், அக்னி நட்சத்திரம். சூளை ஆற இன்னும் ஒரு நாள் வேண்டும். லாரி காத்திருக்கிறது என்று முதலாளி பறந்தார். அவரா உள்ளே போகப் போகிறார்? போனவன் காசியம்மாள் புருஷன் கோதண்டபாணி. தலையில் ஈரச்சாக்கைப் போட்டுக்கொண்டு ஆறு நடை ஜாடி சுமந்தான். ஏழாவது நடையில் வெறுங்கையோடு வெளியே வந்தான்.

"காசி, மழை வருது. துணிய எடு."

வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. அப்படியே சரிந்துவிட்டான். உடம்பு கொதித்தது, வேர்வையே காணோம். கூட வேலை செய்த ராஜமாணிக்கம் குடத்தோடு ஓடிவந்தான். காசியம்மாள் குறுக்கே விழுந்து அதைப் பிடுங்கினாள்.

"ஊத்தாதண்ணே! ஜாடியே வெடிக்குது, மனுசன் தாங்குவானா?"

சுற்றி நின்றவர்கள் அத்தனை பேரும் சூளைக்காரர்கள். ஒருத்தராவது மறுக்கணுமே! அதானே என்று தலையாட்டினார்கள். சாக்கைப் போர்த்தி வண்டியில் ஏற்றினார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் தொட்டதும் கேட்டார். "தண்ணி ஊத்துனீங்களா?"

"ஒரு சொட்டுகூடப் படவிடலைங்க" என்றாள் காசியம்மாள், பெருமையாக.

ஐயோ, அந்தப் பெருமை! டாக்டர் கையை எடுத்தார். "உயிர் போயிடுச்சும்மா. உடனே ஊத்தியிருந்தா பொழைச்சிருப்பாரு."

"நெசமாவா?" என்று மூன்று தரம் கேட்டாள். அழவில்லை. கருமாதியிலும் அழவில்லை.

வயிறு இருக்கிறதே, அதே கம்பெனிக்குத்தான் திரும்பினாள். தினமும் முதல் வேலையாகச் சூளை வாசலில் மூன்று குடம் நிரப்பி வைப்பாள். கை கழுவ யாராவது தொட்டால் ஏழு தலைமுறையையும் இழுத்து ஏசுவாள்.

ஆறு வருஷம் கழித்து, அதே வாசலில் அலாவுதீன் என்ற கூலிக்காரன் சுருண்டு விழுந்தான். "வேணாம்க்கா!" என்று கையைப் பிடித்த இன்னொரு கூலிக்காரனைத் தள்ளிவிட்டு, காசியம்மாள் குடத்தை அப்படியே அலாவுதீன்மேல் கவிழ்த்தாள். முதல் குடம் தீரும்போதே அலாவுதீன் முனகிக் கண் திறந்தான்.

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அவள் காலிக் குடத்தைப் பார்த்தாள். அத்தனை வருஷமாக வராத அழுகை அப்போதுதான் வெடித்துக்கொண்டு வந்தது. ராஜமாணிக்கத்தின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"ஒரு குடம்தானா? அண்ணே, ஒரே ஒரு குடம்தானாண்ணே?"