அத்திம்பேர் தினமும் அழித்த குப்பை

என் அத்திம்பேர் ஜனார்தனுக்குச் சுத்தம் ஒரு வியாதி. பொன்மலை ரயில்வே பணிமனையில் இருபது வருடமாக என்ஜின் பாகங்களைக் கழுவித் துடைத்துப் பூட்டுகிறவர். ஸ்ரீரங்கத்து வீட்டிலும் நேற்று வடித்த சாதம் இன்று அடுக்களையில் இருக்கக் கூடாது. நான் சுப்ரஜா, அவருடைய மச்சினி. அவரைக் கேலி செய்வது என் உரிமை.

ஐப்பசியில் அவர் மனைவி, என் அக்கா செண்பகவல்லி, ஸ்கூட்டரிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். மாவுக்கட்டைப் பிரித்தபோது விரல்கள் விறகாக விறைத்திருந்தன. அவள் தில்லை நகரில் ஒரு லேபில் ரத்தம் எடுப்பவள். விரல் மடங்கினால்தான் ஊசி பிடிக்க முடியும். தை முடிவதற்குள் வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவோம் என்று லேபில் சொல்லிவிட்டார்கள். பயிற்சிக்குக் கொடுத்த ரப்பர் பந்தை அவள் நாலாம் நாளே ஜன்னல் வழியாக எறிந்துவிட்டாள்.

அப்போதுதான் அத்திம்பேருக்கு அந்த யோசனை வந்தது. கல்யாணமான புதிதில் இருவரும் டிவியில் மாட்டி ஆடிய பைக் ரேஸ் விரல்களுக்குப் பயிற்சியாகுமே! அந்த விளையாட்டுப் பெட்டி என்றோ செத்துப்போயிற்று, டிஸ்க் மட்டும் இருந்தது. கம்ப்யூட்டரையே அந்தப் பெட்டியாக நடிக்க வைக்கும் எமுலேட்டரைப் போட்டார். உள்ளே படம் வரையும் கிராபிக்ஸ் கார்டுக்குப் பத்து வயது. ஆசை யாரை விட்டது? படம் பளபளக்கட்டும் என்று அதன் துல்லிய அளவை நாலு மடங்கு ஏற்றினார், பைக் மாட்டுவண்டியாகிவிட்டது. பழைய அளவுக்கே இறக்கியதும் வேகம் வந்தது. ஆனாலும் ஒவ்வொரு வளைவிலும் படம் நின்று நின்று துள்ளியது.

“தலை சுத்தறது” என்று அக்கா கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிடுவாள். பத்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை. பார்க்கும் எனக்கு அழுகையாக வரும். இதற்குள் மார்கழி பாதி போய்விட்டது.

ஒரு ஞாயிறு காலை நான் போனபோது அத்திம்பேர் குளித்து, திருமண் இட்டுக்கொண்டு, கம்ப்யூட்டரில் எதையோ அழித்துக்கொண்டிருந்தார்.

“என்னத்தை அழிக்கறேள்?”

“நேத்து ஆடினதுல சேர்ந்த குப்பை. தினம் தொடைச்சுட்டுதான் ஆரம்பிக்கறது.”

எனக்குச் சந்தேகம் தட்டியது. அவர் அழித்த ஃபோல்டரின் பெயரை ஃபோனில் தேடிப் படித்தேன். ஒரு காட்சியை முதல் தடவை வரையும்போது கார்டு திணறுமாம். வரைந்த விதத்தை எமுலேட்டர் சேமித்து வைத்துக்கொண்டு, மறுமுறை நிற்காமல் வரையுமாம். சேமித்ததைத்தான் இந்த மனிதர் தினமும் அழித்திருக்கிறார்!

“அது குப்பை இல்லை அத்திம்பேர், சமையல். பண்ணி வெச்சதை எல்லாம் தினம் கொட்டிட்டு, பந்திக்கு லேட்டாறதேன்னா எப்படி?”

அவர் முகம் சுண்டிவிட்டது. “நானே கெடுத்திருக்கேனே, சுப்ரஜா. அவ தினம் எவ்வளவு கஷ்டப்பட்டா!”

அவர் மேல் எனக்கிருந்த எரிச்சல் அந்த நிமிஷமே போய்விட்டது.

மறுநாள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அப்படியும் மவுஸை நோக்கிப் போன கையை இரண்டு தடவை நான் தட்டிவிட வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் பைக் வழுக்கிக்கொண்டு ஓடியது. அக்கா அரை மணி ஆடினாள், அடுத்த வாரம் ஒரு மணி. பிரேக்கை அழுத்தி அழுத்தி ஆள்காட்டி விரல் மெல்ல மடங்கத் தொடங்கியது. பொங்கலன்று அத்திம்பேரை வரிசையாக மூன்று ரேஸில் தோற்கடித்தாள். அவர் தோற்றதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

தை இருபதாம் தேதி அக்கா புது ஊசி ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்டாள்: “யார் கையை நீட்டறேள்?”

நான் அடுக்களைக்கு ஓடி, கதவருகே நின்று எட்டிப் பார்த்தேன். அத்திம்பேர் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினார். அக்கா நரம்பைத் தடவித் தேடினாள்.

“எப்போ குத்தப்போறே?” என்றார் அவர்.

“எடுத்தாச்சு” என்று, கண்ணில் நீர் வழிய, ரத்தம் நிறைந்த குழாயை அவரிடம் காட்டினாள்.