போயிட்டு வாறன்

இணையத்தில் ஆங்கிலம் படிப்பிப்பவர்கள் ஒரு துறையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று என் தோழி ஓயாமல் சொல்வாள். அவள் கம்பனிக்காரருக்கு மட்டுமே படிப்பிக்கிறாள். "எல்லாருக்கும் எல்லாம் படிப்பிச்சா உன்னை ஏன் தேடி வரப்போகினம்?" என்பாள். எனக்கு எரிச்சல்தான் வரும்.

போன மாதம் என்னிடம் ஒருத்தி சேர்ந்தாள். கொழும்பு கொட்டாஞ்சேனைக்காரி, இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. ஒருநாள் வீட்டுக்குப் புறப்படும்போது அங்கிருந்த கிழவரிடம் "ஐ வில் கோ அண்ட் கம்" என்றிருக்கிறாள். இப்போதே திரும்பி வருவாள் என்று நம்பி, அவர் சாப்பிடாமல் காத்திருந்தாராம்.

"முந்தின டீச்சர் 'ஐ ஆம் கோயிங்' எண்டு சொல்லச் சொன்னவர், மிஸ். வயசான மனுசனிட்ட போறன் எண்டு எப்பிடிச் சொல்றது?"

அந்த வெள்ளைக்கார டீச்சருக்கு இது எப்படி விளங்கும்? வெள்ளவத்தை வீட்டில் நானும் 'போறன்' என்று சொல்லி வாசல் தாண்டியதில்லை. "சீ யூ டுமாரோ" சொல்லிக் கொடுத்தேன். நாளைக்கு வருவது அதில் இருக்கிறது என்றதும் அவள் முகம் தெளிந்தது.

கொள்ளுப்பிட்டியில் தோழியைச் சந்தித்தபோது, இந்தக் கதையைச் சொல்லி, இது எந்தத் துறையில் சேரும் என்று கேட்டேன்.

"இதெல்லாம் ஒரு துறையோ?" என்று சிரித்தாள். அதற்குள் அவளுடைய பஸ் வந்துவிட்டது. ஏறும்போது திரும்பிக் கையசைத்தாள்.

"ஓகே, ஐ வில் கோ அண்ட் கம்!"